நிலம் நீலமாகிவிடும் இடம்

ஜாஸ் சாயலில் அரசியல் பாட்டு பாடும் கச்சேரிக்கு ஒலியமைக்கப் போனால், மிக்ஸரைத் தொடும் முன் பாட்டு எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜாஸின் அடிப்படைத் தாள நடையான ஸ்விங், இரண்டு எழுத்துகளைச் சமமாக விடாது. முதலாவதை இழுக்கும், அடுத்ததைக் குறுக்கும். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. ஆங்கிலம் இதைத் தாங்கிக்கொள்ளும். தமிழில் குறில் நெடிலானால் பொருளே போச்சு. 'விடு' 'வீடு' ஆகும். 'நிலம்' இழுபட்டால் 'நீலம்'. நீலம் அம்பேத்கரிய அரசியலின் நிறமாக இருக்கும் ஊரில், நில உரிமைப் பாட்டு கேட்க வந்தவர் ஒரு வரி முழுக்கக் குழம்புவார். 'நி'யைச் சட்டென்று விட்டு, 'ம்'மில் ஊன்றினால் போதும்; மூக்கொலி எவ்வளவு இழுத்தாலும் பொருள் கெடாது. அப்படி ஊன்ற மெய்யெழுத்து இல்லாத சொல்லில், குறிலை முடித்துவிட்டு மிச்ச நேரத்தைச் சும்மா விடலாம். கானாவில் ஊறியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு மேடையேறிய பிறகு, பறையும் கிட்டாரும் கானாவும் ஒன்றாக நிற்பது சென்னைக்குப் புதுசில்லை. ஆனாலும் பறையைப் பாடகருக்கு நேர் பின்னால் நிறுத்தும் தப்பு இன்னும் நடக்கிறது. பாடும் மைக்கின் வாய் பாடகரைப் பார்க்கிறது என்றால், அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கிறது என்றுதான் அர்த்தம். பக்கவாட்டில், எட்டடி தள்ளி நிறுத்துங்கள். சின்ன அரங்கில் பறைக்கு மைக்கே வேண்டாம்.

குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். வல்லின மெய்கள் தெளிவது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில். பறையில் சிண்டு என்ற மெல்லிய குச்சி விழும் 'சட்'டென்ற ஓசைக்கும் சாக்ஸஃபோனின் கூர்மைக்கும் அதே இடத்தில்தான் போட்டி. குரலை அங்கே ஏற்றினால் பாடகரைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் ஹவுலிங் அடிக்கும், அதாவது ஊளையிடும். மற்ற இரண்டையும் 3 டெசிபல் இறக்குவதுதான் சரி. சாக்ஸ்காரர் வரி முடிந்த பிறகு பதில் சொல்லட்டும். வரிக்குள் நுழைந்தால் எந்த மிக்ஸராலும் காப்பாற்ற முடியாது. ரிவெர்பை, அதாவது எதிரொலிக் கூட்டலை, கஞ்சமாகப் போடுங்கள்.

மார்கழி ஈரத்தில் பறைத்தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்று அடிக்கும். அரங்குக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். வாசலில் ஓலையோ காகிதமோ எரித்துப் பறையைச் சூடு காட்ட ஒரு ஆள் வேண்டும், மாற்றுப் பறை ஒன்றும் வேண்டும். ஏ.சி. அரங்கென்றால் மேடைக்கும் வாசலுக்கும் இரண்டு நடையாவது ஆகும். மைக்கில்லாத ஒரு பாட்டையோ பேச்சையோ அந்த இடைவெளிக்கென்றே வரிசையில் போட்டு வைப்பது நல்லது.

கனமான பாட்டு எங்கே வருவது? 1939-ல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி கேளிக்கை விடுதியில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே, கறுப்பினத்தவரை அடித்துத் தூக்கிலிட்ட கொடுமையைச் சொல்லும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'டைக் கடைசியாகப் பாடுவார். பரிமாறுவது நிற்கும், விளக்குகள் அணையும், முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். அந்த ஆசையில் நம்மவர்களும் கடைசிக்கு வைக்கிறார்கள். திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும். கச்சேரியோ எப்போதும் அரை மணி தாமதம். அந்தப் பாட்டு 9.20-க்குள் முடியட்டும். கடைசிப் பத்து நிமிஷத்தைப் பறைக்குக் கொடுங்கள். மைக்கை அணைத்துவிட்டாலும் அது கேட்கும்.