கவலைக்கு ஒரு தேதி
மூட்டெல்லாம் வீங்கி இறுகிப் போற முடக்குவாதக்காரங்களுக்குத் தெரியும், மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தவறித் தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எனக்கு ஞாயிறு. திங்கக்கிழமை முழுக்கக் குமட்டல். அதைக்கூடப் பொறுத்துக்கலாம்ங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற யோசனைதான் தாங்கல. விரல் கோணிப் போயிடுமா? மகளுக்குத் தலை பின்னிவிட முடியுமா? இந்த மருந்தால கல்லீரல் என்னாகும்?

டாக்டர்கிட்ட கேட்டேன். "கூகுள்ல பழைய படமெல்லாம் பார்த்துப் பயப்படாதீங்கம்மா. இப்ப சீக்கிரமே மருந்து ஆரம்பிச்சுடறோம், மூட்டு சேதத்தை நல்லாவே குறைக்க முடியுது"ன்னார். எல்லாருக்குமான்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.

இப்ப ஒரு ஏற்பாடு. உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டுற சிஆர்பி, ஈஎஸ்ஆர், கல்லீரலைப் பார்க்கிற எல்எஃப்டி, இந்த ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வர்ற அன்னிக்குத் தாராளமா பயப்பட்டுக்கலாம். நடுவுல பயம் வந்தா, "போயிட்டு அன்னிக்கு வா"ன்னு அனுப்பிடுவேன். பாதி நாள் போகாது, அது வேற விஷயம்.

காலையில இறுகிக் கிடக்கிற கையை வெதுவெதுன்னு தண்ணியில கொஞ்ச நேரம் வெச்சா, சட்னி அரைக்கிற அளவுக்கு வந்துடும். பால் பாக்கெட் மட்டும் இன்னும் பல்லாலதான்.

கஷாயம், பத்தியம்னு இன்பாக்ஸ்ல வராதீங்க ப்ளீஸ். வெண்டைக்காய் நறுக்கித் தர்றதா இருந்தா நேர்லயே வாங்க.