பழைய எக்ஸ்பி கணினியில் நிரல்களின் வரலாற்றைக் காப்பது

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் நூல் இரவல் பதிவேட்டை நடத்துவது, நான் பொழுதுபோக்காக விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல். அது ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பியில். மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்த டொட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய நூலகர் அக்காவும் அந்தக் கணினியோடுதான் ஒத்துப்போகிறார்கள். எனக்கும் அதில் நிரல் எழுதப் பிடிக்கும்.

கோப்புறைக்குத் திகதியைப் பெயராக இட்டுப் பிரதி எடுத்துவைக்கும் வழக்கம் ஒரு கட்டத்தில் போதாமல் போனது. எந்தப் பிரதியில் எதற்காக எதை மாற்றினேன் என்பதைக் கோப்புறையின் பெயர் சொல்லாது. ஆகவே, எது எப்போது எதற்காக மாறியது என்பதைப் பதிந்துவைக்கும் முறையான பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றைத் தேடினேன். அது இணையம் இல்லாமல் இயங்க வேண்டும். என் கோப்புகளில் ஒரு பைட்டைக்கூடத் தானாக மாற்றக் கூடாது. இவை இரண்டும்தான் என் நிபந்தனைகள்.

முதலில் பார்த்தது கிட் என்ற மென்பொருள். விண்டோஸுக்கான கிட்டில் எக்ஸ்பியை ஆதரித்த கடைசிப் பதிப்பு 2016 இல் வந்த 2.10. சிக்கல் வரிமுடிவில், அதாவது ஒவ்வொரு வரியின் இறுதியையும் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத பைட்டுகளில் இருந்தது. விண்டோஸில் கிட்டை நிறுவும்போது முன்னிருப்பாக வரும் அமைப்பு, வரிமுடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றியே களஞ்சியத்தில் (வரலாறு சேமிக்கப்படும் இடத்தில்) வைக்கிறது. என் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ். அங்கே எடுத்த கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தால், விஷுவல் பேசிக் 6 கிளாஸ் என்ற வகை நிரல் கோப்பை, மொட்யூல் என்ற வேறு வகையாகத் தவறாக எடுத்துக்கொள்கிறது. அமைப்பை மாற்றி இதைத் தவிர்க்கலாம். ஆனால் இனித் திருத்தமே வராத ஒரு பதிப்பை, இரண்டு கணினிகளிலும் கவனமாக அமைத்துப் பராமரிக்க எனக்கு மனம் வரவில்லை.

வோல்டர் டிச்சி 1982 இல் உருவாக்கிய ஆர்சிஎஸ் என்ற மென்பொருள் மிகச் சிறியது, டொஸ் கணினிக்குக்கூடப் பொருந்துவது. ஆனால் அது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி வரலாற்றை வைத்திருக்கும். ஒரு படிவத்தை மாற்றும்போது அதனுடன் மாறிய மொட்யூல் எது என்பது அதில் தெரியாது. ஒற்றைக் கோப்பு நிரல்கள் எழுதுபவருக்கு இன்றும் அதையே சொல்வேன். சப்வெர்ஷன் என்ற இன்னொரு மென்பொருளும் எக்ஸ்பிக் காலத்ததுதான். ஆனால் ஒரு மையக் களஞ்சியத்தை நம்பியது, இரண்டு கணினிகளுக்கிடையே பென் டிரைவோடு திரியும் எனக்கு ஒத்துவராது.

இறுதியில் எடுத்தது பொசில். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்தான் இதையும் எழுதினார். மென்பொருள் ஒரே கோப்பு, நிறுவும் வேலையே இல்லை. எக்ஸ்பியில் ஓடும் பழைய 32 பிட் பதிப்பை எடுத்துக்கொண்டேன். முழு வரலாறும் ஒரே கோப்பில், ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளமாக இருக்கிறது. இலங்கையில் 2022 இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்: கமிட் (ஒரு மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிவது) நடக்கும்போது மின்சாரம் போனால், அந்த மாற்றம் முழுமையாகப் பதிந்திருக்கும், இல்லையேல் பதிந்தே இருக்காது, பாதியில் நிற்காது.

பாமினி ஒரு சிறு தடங்கல் தந்தது. அந்த எழுத்துருவின் சில எழுத்துகள் குறியெண் 127 ஐத் தாண்டிய இடங்களில் இருக்கின்றன. யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறைக்குப் பொருந்தாத அவற்றைக் கண்டதும் பொசில் கமிட்டை நிறுத்தி எச்சரிக்கும். என்கோடிங்-குளொப் என்ற அமைப்பில் அந்தக் கோப்பு வகைகளைக் குறித்துவிட்டால் பைட்டுகளை இருந்தபடியே ஏற்றுக்கொள்கிறது.

விஷுவல் பேசிக்கின் குணம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாறியை ஓரிடத்தில் பெரிய எழுத்தில் அறிவித்தால், நிரல் முழுவதும் அந்தப் பெயரை அது அப்படியே மாற்றிவிடும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது உண்மையான மாற்றம் அந்தக் குப்பைக்குள் புதைந்துபோகும். அதனால் எழுத்து வடிவ மாற்றங்களைத் தனி கமிட்டாகவே இடுகிறேன். படிவக் கோப்பையும் அதன் படங்களைத் தாங்கும் துணைக் கோப்பையும் எப்போதும் ஒன்றாகவே சேர்க்கிறேன். அக்காவின் முறைப்பாடுகள் பொசிலின் டிக்கெட் பகுதியிலேயே பதிவாகின்றன. எந்த முறைப்பாட்டுக்காக எந்த வரி மாறியது என்பதை இப்போது நேராகப் பார்க்க முடிகிறது.