அட்டையில் இருக்கும் இன்னொரு பெயர்

நியூஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டியிருந்தது. எங்களுக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. டாக்டர் பொள்ளாச்சியில், மாத்திரை ஒரு மாதம் அங்கே வாங்குவோம், மறுமாதம் உள்ளூரில். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டினேன். டெல்மா ஓர் அட்டை, டெல்மிகைண்ட் ஓர் அட்டை. இரண்டுக்குள்ளும் இருப்பது டெல்மிசார்ட்டன் என்ற ஒரே இரத்த அழுத்த மருந்துதான்!

"பெயர் வேறாக இருந்ததே கண்ணு, இரண்டையும்தான் போட்டேன்" என்றார் அம்மா. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றே டாக்டரிடம் ஓடினோம்.

பிராண்டு பெயரை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் தம் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை மாத்திரையில்தான் சிக்கல். கடையில் நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்திருந்தார்கள், பெயரில் '...மைடு' என்ற வால் மட்டும் மிச்சம். திரும்பிப் போய் முழு அட்டையைப் பார்த்தேன்: கிளிபென்கிளமைடு. வெளிநாடு போகிறவர்கள் தயவுசெய்து முழு அட்டையாகவே வாங்குங்கள்.

மருந்துகளுக்கு உலகப் பொதுப்பெயர் வைப்பது உலக சுகாதார நிறுவனம். முதல் பட்டியல் 1953-இல் வந்தது. அதனால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எங்கும் மெட்ஃபார்மின்தான். ஆனால் அமெரிக்கா சிலவற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், கிளிபென்கிளமைடு கிளைபுரைடு, இளைப்புக்கான சால்புட்டமால் ஆல்பியூட்டரால். டாக்டரிடமே இரண்டு பெயரையும் எழுதி வாங்கினேன்.

நியூஜெர்சி போன மூன்றாவது வாரம் அம்மாவின் ஆஸ்தாலின் இன்ஹேலர் எங்கோ தொலைந்தது. அதற்குள் இருப்பது சால்புட்டமால். இரவு முழுக்க இளைப்பு. விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனோம். 'ஆஸ்தாலின்' என்றாள் தங்கை, நர்சுக்குப் புரியவில்லை. நான் தாளை நீட்டி ஆல்பியூட்டரால் என்ற சொல்லின்மேல் விரலை வைத்தேன். அடுத்த நிமிடமே அம்மாவை உள்ளே கூட்டிப்போனார்கள். அங்கே அதற்கு மருந்துச் சீட்டு கட்டாயம். அதையும் எழுதிக் கொடுத்தார்கள். பெட்டியில் 90 மைக்ரோகிராம் என்று இருந்ததைப் பார்த்து, நம்மூரில் 100 ஆயிற்றே என்று பதறினேன். மருந்தாளுநர் பொறுமையாக விளக்கினார்: இங்கே வாய்க்குழாயைவிட்டு வெளியே வரும் அளவைப் போடுகிறார்கள், மருந்து அதேதான்.

இப்போது அடுத்த வீட்டுத் தம்பி துபாய்க்குக் கிளம்புகிறான். முதுகுவலிக்கு அவன் போடுவதில் டிரமடால் என்ற கடுமையான வலிமருந்து இருக்கிறது. அமீரகத்துக்குள் அதைக் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். அவனுடைய அட்டைகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.