வெடிக்காத குழாய்

வாணவேடிக்கை வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "வெடிக்கும்போது பயமா இருக்காதா?" வெடிக்கும்போது பயமே இருக்காது. வெடிக்காமல் கிடந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

பத்தொன்பது வருஷமாக இதே வேலை. தென் மாவட்டங்களில் மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் ஓய்வு கிடையாது. அப்புறம் ஆடியில் கொடைத் திருவிழாக்கள். நாங்கள் ஆறு பேர். சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை வாணக் குண்டு விடும் குழாயை நட மண் தோண்டுவதுதான். அதிலும் ஒரு கணக்கு உண்டு. பாதிக்கு மேல் மண்ணுக்குள் போக வேண்டும், வாய் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும்.

நாலு அங்குலக் குண்டு என்றால் குழாயின் அடியில் கரிமருந்து, அதன் மேல் உருண்டை. திரி பற்றியதும் கரிமருந்து வெடித்து உருண்டையை 400 அடி வாக்கில் தூக்கி எறியும். அதே நெருப்பில் உருண்டையின் சொந்தத் திரியும் பற்றிக்கொள்ளும். மூன்று நொடி, சில சமயம் நான்கு. அதற்குள் குண்டு மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் மேலே பூக்க வேண்டிய பூ குழாய்க்குள்ளேயே பூத்துவிடும். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது எல்லாம் இரும்புக் குழாய். உள்ளே வெடித்தால் இரும்பே சில்லாகப் பறக்கும். இப்போது கனமான கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டோம். அதுவும் கிழியும், ஆனால் இரும்பு மாதிரி ஆளைத் துளைக்காது.

வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம், ஒரு அம்மன் கோயில் கொடை. ஒரு குழாய்க்குத் தீ வைத்தேன், திரி உள்ளே போனது, சத்தமே இல்லை. வானம் இருட்டாகக் கிடக்கிறது. கூட்டத்தில் விசில். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் கயிற்றைத் தாண்டி வந்து, "என்ன அண்ணாச்சி, துட்டை வாங்கிட்டுத் தூங்குறீயளா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று பார்க்கக் குழாய்ப் பக்கம் குனிந்தேன். பின்னாலிருந்து எங்கள் குழுவுக்குப் பெரியவரான அண்ணாச்சி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது, நான் மல்லாக்க விழுந்தேன். விழுந்த மறுநொடி குண்டு கிளம்பியது. இடது புருவம் பொசுங்கிவிட்டது. இரண்டு நாள் காதில் ஙொய் என்று ஒரே இரைச்சல். அது என்ன நிறத்தில் விரிந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

அண்ணாச்சி திட்டவில்லை. "எட்டிப் பாக்கணும்னா கெணத்தை எட்டிப் பாருல" என்றார். அவ்வளவுதான்.

திரி நமத்திருந்தால் அணைந்தது போலத் தெரியும், உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். அதனால் வெடிக்காத குழாயை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். சொல்லும்போது சுலபம். பின்னால் ஐயாயிரம் பேர் விசிலடிக்கும்போது சும்மா நிற்பதற்குத்தான் எனக்கு நாலைந்து வருஷப் பழக்கம் தேவைப்பட்டது.

ஒரே குழாயில் மறுபடி குண்டு இறக்குவதையும் விட்டுவிட்டோம். அடியில் ஒரு பொறி மிச்சம் இருந்தால் போதும், இறக்குகிறவன் கை போய்விடும். எத்தனை குண்டோ அத்தனை குழாய் என்றால் சுமை கூடும், ஆள் கூடும், ரேட்டும் கூடும். "பக்கத்து ஊர்க்காரன் பாதி ரேட்டுக்கு வாறான்" என்பார்கள். இந்தத் தொழிலில் பாதி விபத்து அந்தப் பேரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 70 அடி தூரம் விட்டுக் கூட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். நாலு அங்குலத்துக்கு 280 அடி. நம் ஊரில் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருந்தால் அதிசயம்.

2016 ஏப்ரல் 10 விடியற்காலை, கொல்லம் பக்கம் பரவூரில் புற்றிங்கல் கோயிலில் அந்தக் கோரம் நடந்தபோது நாங்கள் வேறோர் ஊரில் வேலை முடித்து வேனில் தூங்கிக்கொண்டிருந்தோம். எரிந்துகொண்டே வந்த ஒரு வெடி, சரக்கு வைத்திருந்த கட்டடத்தில் போய் விழுந்திருக்கிறது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கான்கிரீட் துண்டுகள் பறந்து அடித்ததிலேயே பலர் போய்விட்டார்கள். மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுக்காத வேடிக்கை அது. செய்தியைப் படித்துவிட்டு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முந்தின ராத்திரி எங்கள் சரக்கும் பனிக்குப் பயந்து ஒரு மண்டபத்துக்குள்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சரக்கைக் கட்டடத்துக்குள் வைப்பதே இல்லை. காற்று வரும் திசையில், தூரமாக, நனைத்த சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடி வைப்போம். அதற்கென்று ஓர் ஆள். அவன் வானத்தைப் பார்க்கக் கூடாது, பெட்டியை மட்டும்தான் பார்க்க வேண்டும். போன வருஷம் புதிதாக வந்த பையனை அங்கே உட்கார வைத்தோம். "நாலு மாசமா வாறேன், ஒரு வாணமும் பாக்கல மாமா" என்று அழாத குறை.

இப்போது சில இடங்களில் பட்டன் அமுக்கி வெடிக்கிறார்கள். ஆள் தள்ளி நிற்கலாம், நல்லதுதான். வெடிக்காத குண்டு அதிலும் உண்டு, காத்திருப்பும் உண்டு.

வேலை முடிந்ததும் அரை மணி நேரம் யாரும் குழாய்ப் பக்கம் போவதில்லை. விடிந்ததும் வயலில் இறங்கித் தேடுவோம், மேலே போயும் வெடிக்காமல் விழுந்ததற்காக. பிள்ளைகள் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். போன பங்குனியில் 60 குண்டு விட்டோம், 59 சத்தம்தான் கேட்டது. தேடிக்கொண்டிருக்கும்போது, எட்டு வயசு இருக்கும், ஒரு பையன் அந்த அறுபதாவதைப் பனியனில் ஏந்தியபடி வரப்பில் வந்தான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னேன். வைத்துவிட்டு வந்தான்.

"இதுக்கு எவ்வளவு தருவீய?" என்றான்.

காசு கொடுத்தால் அடுத்த வருஷம் ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் தேட இறங்கிவிடும். கொடுக்காவிட்டால் அடுத்ததை என்னிடம் கொண்டுவர மாட்டான். குண்டின் மேல் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி ஊற விட்டுவிட்டு, அவனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வடை தின்றான்.