உப்பளத்துப் பிள்ளைகளிடம் உப்பைக் குறைக்கச் சொன்ன கதை

உலக இதய தினம் செப்டம்பர் 29. அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில் இருப்பார்கள். அதனால் ஆகஸ்டிலேயே பாடத்தை நடத்திவிடுவேன். இந்த முறை எட்டாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன்மேல் எழுதவேண்டும், தீரும் தேதியையும் எழுதவேண்டும். பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வரவேண்டும். கணக்கும் ஆச்சு, அறிவியலும் ஆச்சு என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், நாங்க உப்பு வாங்கவே மாட்டோமே."

தூத்துக்குடியில் பதினோரு வருடம் வேலை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தாலே ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரம் தெரியும். பாதிப் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ அளத்துக்குப் போகிறவர்கள். காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சி போகும், சாயங்காலம் அதே சட்டியில் கல்லுப்பு வரும். ஜாடியில் கொட்டினால் அது எப்போது தீர்ந்தது என்று யார் பார்த்தார்கள்? (அந்த உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. அது தனிப் பாடம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

மறுநாள் ஆய்வகத் தராசோடு வகுப்புக்குப் போனேன். "உங்கம்மா குழம்புக்கு எப்படிப் போடுவாங்களோ அப்படியே அள்ளு" என்றதும் முன் பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து வந்தாள். ஐந்து விரலையும் குவித்து அள்ளினாள். கையை லேசாக ஆட்டினாள், இரண்டு கல் திரும்ப ஜாடிக்குள் விழுந்தது. மிச்சத்தைத் தட்டில் போட்டாள். 24 கிராம். வீட்டில் ஐந்து பேர், மொத்தக் கணக்கே 25தான்.

"ரசத்துக்கு?" "சோத்துக்கு?" "கருவாடு டீச்சர்!" நான் சொல்லாமலே கூட்ட ஆரம்பித்தார்கள்.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், ரத்த அழுத்தம் ஏறும், நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிற இதயம் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக முக்கித் தள்ளவேண்டும் என்று சொன்னேன். எங்கப்பா கதையையும் சொன்னேன். பிரஷர் 160க்கு மேல் இருந்தும் ஒருநாள் தலைவலி என்று படுத்ததில்லை. அதனால் மாத்திரையும் போடவில்லை. 54 வயதில் மாரடைப்பு.

அப்போதுதான் ஒரு பையன் கேட்டான். "எல்லாரும் உப்பக் கொறச்சிட்டா எங்கப்பாவுக்கு வேலை இருக்குமா டீச்சர்?"

யாரும் சிரிக்கவில்லை. நாடு முழுக்க விளைகிற உப்பில் சமையலுக்குப் போவது கொஞ்சம்தான், காஸ்டிக் சோடா, சோடா ஆஷ் தயாரிக்கும் ஆலைகளுக்கும் ஏற்றுமதிக்கும்தான் அதிகம் போகிறது என்றேன். உண்மைதான். ஆனால் நம் ஊர் உப்பு எங்கெங்கே சமையலுக்குப் போகிறது என்று லாரி எண்ணை வைத்தே சொல்கிற பையன் அவன். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். மழைக்காலத்தில் அளம் மூடினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை முன் பெஞ்சுக்காரி ஓடி வந்தாள். "அம்மா அள்ளும்போது கையைத் தட்டிவிட்டேன் டீச்சர். எட்டுக் கல்லு விழுந்துச்சு!"

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒங்க டீச்சரையே வந்து ஆக்கச் சொல்லுன்னாங்க."