அளக்க வந்தவர்கள் கண்ட மின்சாரம்

சென்ற மாதம் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். புராஜெக்டுக்கு எதை எடுத்துக்கொள்வது என்பதில் அவருக்குக் குழப்பம். "சார், சென்சார் பண்ணலாமா, சோலார் பண்ணலாமா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. பழுதான தோட்டவிளக்கு ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த, தீப்பெட்டி அளவேயான சோலார் தகட்டை எடுத்து, அதன் இரு கம்பிகளை மல்டிமீட்டரில் கவ்வவிட்டு, மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். தகட்டின் மேல் அவர் உள்ளங்கையைக் கொண்டுவந்தபோது எண்கள் சரிந்தன. ஜன்னல் பக்கம் திருப்பியபோது ஏறின. "தம்பி, இது என்ன கருவி?" என்றேன். "வெளிச்சத்தை அளக்கிறது சார், அப்படியென்றால் சென்சார்தான்" என்றார். பிறகு மீட்டரைக் கழற்றிவிட்டு, அதே கம்பிகளில் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும் பொம்மை மோட்டார் ஒன்றை இணைத்து, வாசல் வெயிலில் பிடிக்கச் சொன்னேன். மோட்டார் சுழன்றது. அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் அன்று சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். உணரி (சென்சார்) என்றும் சூரிய மின்கலம் என்றும் நாம் இரண்டு பாடங்களாகப் பிரித்துப் படிப்பவை பிறப்பில் ஒன்று. வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வழியைக் கண்டவர்களில் பெரும்பாலோர் அதைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். வேறு எதையோ துல்லியமாக அளக்க முயன்றபோது, கருவி சொன்ன எதிர்பாராத எண்ணைப் பிழை என்று ஒதுக்காமல் நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

செலீனியத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். கடலுக்கடியில் தந்திக் கம்பிவடங்களைப் பதித்துக்கொண்டிருந்த காலம் அது. வடம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் காப்பு கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்க, மிக அதிக மின்தடை கொண்ட பொருள் ஒன்று ஆங்கிலேய மின்பொறியாளர் வில்லோபி ஸ்மித்துக்குத் தேவைப்பட்டது. அதற்காகச் செலீனியத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அவற்றின் மின்தடை ஒரு நேரம் போல் மறுநேரம் இல்லை. துண்டுகள் இருந்த பெட்டியின் மூடியைச் சாத்தினால் தடை கூடியது. மூடியைத் திறந்து வெளிச்சம் விழச் செய்தால் குறைந்தது. அளவுகோலாக இருக்க வேண்டிய ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. ஸ்மித் அந்தக் குறையையே 1873-இல் ஒரு கண்டுபிடிப்பாக அறிவித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் கிரில்ஸ் ஆடம்சும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் எவன்ஸ் டேயும், பேட்டரி எதையும் இணைக்காமலே, வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் செலீனியத்தில் மின்னோட்டம் தானாகவே எழுவதைக் கண்டார்கள். 1883-இல் நியூயார்க்கின் சார்லஸ் ஃப்ரிட்ஸ், உலோகத் தகட்டில் செலீனியத்தைப் பரப்பி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தங்கப் படலத்தால் மூடி, கலங்களாக அமைத்தார். விழுந்த ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே மின்சாரமானது. மின்சாரம் தரும் கருவியாகச் செலீனியம் நிலைபெறவில்லை. ஆனால் பேட்டரியே இல்லாமல் முள் அசையும் ஒளிமானியாக அது பழைய கேமராக்களில் பல பத்தாண்டுகள் உழைத்தது. மின்சக்தித் துறையில் தோற்ற பொருள் அளவைத் துறையில் வென்றது.

கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் செய்ததை இந்த வரிசையில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, அந்த அலைகள் வந்து சேர்ந்ததைச் சொல்லும் நம்பகமான உணரி தேவைப்பட்டது. கலீனா என்னும் காரீயத் தாதுவின் மேல் மெல்லிய உலோக முனை தொட்டுக்கொண்டிருக்கும்படி ஒன்றைச் செய்தார். அது வானொலி அலைகளை மட்டுமல்லாமல் ஒளியையும் உணர்ந்தது. அதனால் அதைச் செயற்கை விழித்திரை என்று கருதினார்; ஒளியைக் குறிக்கும் வடசொல்லை எடுத்துத் தேஜோமீட்டர் என்று பெயரும் வைத்தார். காப்புரிமை பெறுவதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டு, 1904 மார்ச்சில் அந்த உரிமை வழங்கப்பட்டது. 1955-இல் ஜெரால்டு பியர்சனும் வால்ட்டர் பிராட்டேனும் குறைக்கடத்தி ஆய்வின் வரலாற்றை எழுதியபோது, வானொலி அலைகளை உணரக் குறைக்கடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ்தான் என்று பதிவு செய்தார்கள். அந்தப் பியர்சன் யார் என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

1940-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பெல் ஆய்வகத்தின் ரஸ்ஸல் ஓல், உயர் அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளைப் பிடிக்கச் சிலிக்கன் படிகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருடைய தேடலும் ஓர் உணரிக்கான தேடலே. கையில் இருந்த சிலிக்கன் துண்டுகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. சாதாரணமாக அப்படிப்பட்ட துண்டு குப்பைக்கூடைக்குப் போய்விடும். அதன்மேல் விளக்கின் ஒளி பட்டபோது மின்னோட்டம் குதித்தது. ஏறத்தாழ அரை வோல்ட் எழுந்தது. உருகிய சிலிக்கன் மெல்லக் குளிர்ந்தபோது அதிலிருந்த மாசுகள் பிரிந்து, ஒரு பகுதியில் ஒரு வகையும் மறுபகுதியில் வேறு வகையும் தங்கிவிட்டன என்பதும், அவை சந்திக்கும் எல்லையில்தான் இந்த வித்தை நடக்கிறது என்பதும் பிறகு தெளிந்தது. இன்று நாம் பி-என் சந்தி என்று சொல்வது அந்த எல்லையைத்தான். ஒளி ஓர் எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கிறது. சந்தியில் நிலையாக இருக்கும் மின்புலம் அந்த எலக்ட்ரானை ஒரு பக்கமும் அது விட்டுச் சென்ற வெற்றிடத்தை மறுபக்கமும் தள்ளுகிறது.

மின்சாரத்தையே நோக்கமாகக் கொண்டு இந்தக் கதைக்குள் வந்தவர் அதே நிறுவனத்தின் டேரில் சாப்பின். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக் கருவிகளுக்கான உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின; அவற்றுக்கு மாற்று தேடும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அவர் முதலில் செலீனியக் கலங்களை எடுத்து ஏமாற்றமடைந்தார். அப்போதுதான், போஸைப் பற்றிப் பின்னர் எழுதிய அதே பியர்சன், பெல் ஆய்வகத்தின் இயற்பியலாளர், வேதியியலாளர் கால்வின் ஃபுல்லரின் துணையோடு வேறொரு நோக்கத்துக்காகச் செய்திருந்த சிலிக்கன் துண்டைச் சாப்பினிடம் கொடுத்தார். செலீனியத்தை அது பல மடங்கு மிஞ்சியது. ஆனால் அதில் சேர்த்திருந்த லித்தியம் ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஃபுல்லர், ஆர்சனிக் கலந்த சிலிக்கனின் மேற்பரப்பில் போரானை மிக மெல்லிய அடுக்காக ஊடுருவச் செய்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார். 1954 ஏப்ரல் 25 அன்று, 6 விழுக்காடு திறன் கொண்ட அந்தக் கலங்களால் பொம்மை இராட்டினம் ஒன்றைச் சுழற்றிக் காட்டினார்கள். என் வாசலில் சுழன்ற பொம்மை மோட்டாரைப் பார்த்தபோது எனக்கு அந்த இராட்டினம்தான் நினைவுக்கு வந்தது. நான்கு ஆண்டுகளுக்குள், 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளில் ஆறு சூரிய மின்கலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அதிலேயே இருந்த பேட்டரி டிரான்ஸ்மிட்டர் சில மாதங்களுக்குள் ஓய்ந்துவிட, சூரிய ஒளியில் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது.

இனி, நான் அன்றாடம் புழங்கும் பகுதிக்கு வருகிறேன். ஒரே டையோடு (பி-என் சந்தி கொண்ட கருவி) எப்போது உணரி, எப்போது மின்கலம் என்பதை நாம் அதற்கு வெளியே எதை இணைக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. இரு முனைகளையும் ஏறத்தாழக் குறுக்கிணைத்து மின்னோட்டத்தை அளந்தால், அந்த அளவு ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒளி இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். முனைகளைத் திறந்துவைத்து மின்னழுத்தத்தை அளந்தால் அப்படி வராது. ஒரு சிலிக்கன் கலத்தின் அழுத்தம் 0.6 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஒளி பலமடங்கு கூடினாலும் அது சிறிதளவே ஏறும். வெளிச்சமானி செய்ய முயலும் மாணவர்கள் பலர் அழுத்தத்தை அளந்துவிட்டு, மேகம் மறைத்தும் எண் மாறவில்லையே என்று வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். குறுக்கிணைத்த நிலைக்கும் திறந்த நிலைக்கும் நடுவில், அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் உச்சத்தைத் தொடும் ஒரு புள்ளி இருக்கிறது. மின்சாரம் வேண்டுமானால் கலத்தை அந்தப் புள்ளியில் நிறுத்த வேண்டும்.

கடைகளில் எம்.பி.பி.டி. என்று விற்கப்படும் சார்ஜ் கன்ட்ரோலரின் வேலை அதுதான். 36 கலங்கள் கொண்ட 100 வாட் பேனல் ஒன்று, தகட்டின் முதுகில் அச்சிட்டிருப்பதுபோல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தருகிறது என்று கொள்வோம். அதை 12.5 வோல்ட்டில் இருக்கும் பேட்டரியோடு நேரடியாக இணைத்தால், பேனலும் அந்த 12.5 வோல்ட்டுக்கே இழுக்கப்படும்; கிடைப்பது சுமார் 69 வாட். நடுவில் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), சுருள், மின்தேக்கி கொண்ட ஒரு மாற்றியை வைத்து, பேனலை 18 வோல்ட்டிலும் பேட்டரியை அதன் அழுத்தத்திலும் இருக்கச் செய்தால் இழப்பின் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். அந்த 18 வோல்ட் நிலையானதன்று. மேகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப நகர்வது. எனவே கருவி அழுத்தத்தைச் சற்றே மாற்றிப் பார்க்கிறது. திறன் கூடினால் அதே திசையில் இன்னும் ஓர் அடி, குறைந்தால் எதிர்த்திசையில் ஓர் அடி. பழைய வானொலியில் நிலையம் தெளிவாகக் கேட்கும்வரை குமிழை இப்படியும் அப்படியும் திருப்புவது போன்றது இது. குமிழைத் திருப்பும் கை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் காது கேட்காவிட்டால் பயனில்லை.

நான் செய்த முதல் கன்ட்ரோலருக்குக் காது கேட்கவில்லை. மின்னோட்டத்தை அளக்க 5 மில்லிஓம் ஷன்ட் (மின்னோட்டம் பாயும் வழியில் வைக்கும் மிகச் சிறிய மின்தடை) ஒன்றை வைத்திருந்தேன். முழு மின்னோட்டமான 5.5 ஆம்பியர் பாய்ந்தாலும் அதில் எழுவது 27.5 மில்லிவோல்ட் மட்டுமே. என் மைக்ரோகன்ட்ரோலர் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் பார்ப்பது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். அதாவது, மின்னோட்டம் ஓர் ஆம்பியர் அளவுக்கு மாறினால்தான் அதற்குத் தெரியவே தெரியும். அது எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் விளைவு பூச்சியம் என்றே பதில் வந்ததால் இலக்கில்லாமல் அலைந்தது. இரண்டு வாரங்கள் நிரலையே திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பிழை நிரலில் இல்லை. ஷன்ட்டுக்குப் பின்னால் 50 மடங்கு பெருக்கி ஒன்றைச் சேர்த்தபோது ஒரு படி 20 மில்லிஆம்பியராகச் சுருங்கியது. கருவி அன்றே உச்சத்தைப் பிடித்தது. அப்போதும் காலைக் கணக்கும் நண்பகல் கணக்கும் ஒத்துவரவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான், அளவெடுக்கும் கம்பிகளை ஷன்ட்டின் உடலிலேயே பற்றவைக்காமல், அதற்குச் சற்றுத் தள்ளி, செப்புத் தடத்தின் மேல் பற்றவைத்திருந்தது தெரிந்தது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 விழுக்காடு ஏறும். அந்த ஒரு சென்டிமீட்டர் தடம் சூடாகச் சூடாக மின்னோட்டம் கூடியதாகப் பொய்க்கணக்குக் காட்டியிருக்கிறது. கம்பிகளை ஷன்ட்டின் இரு விளிம்புகளுக்கும் மாற்றியதும் அது சரியானது. பெரிய இன்வெர்ட்டர்களில் இந்த வேலைக்கு, 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவைக் கொண்டு, மின்சாரம் பாயும் கம்பியைத் தொடாமலே அளக்கும் உணரிகளை வைக்கிறார்கள்.

இவ்விடத்தில் என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பேனலின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்கள் கலம் 25 டிகிரியில் இருக்கும்போது எடுக்கப்பட்டவை. எங்கள் மொட்டை மாடியில் நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டுகிறது. ஒவ்வொரு கலமும் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இழப்பதால், 18 வோல்ட் என்று நம்பிய புள்ளி 15 வோல்ட்டுக்குச் சற்று மேலே இறங்கிவிடுகிறது. நிரம்பிக்கொண்டிருக்கும் பேட்டரி 13.5 வோல்ட்டில் நிற்கும்போது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சுருங்கிவிடுகிறது. மாற்றியின் சொந்த இழப்பையும் கழித்தால் மிஞ்சும் ஆதாயம் சிறிது. எனவே, வெப்பமான ஊரில் ஒற்றைச் சிறிய பேனல் வைத்திருப்பவர், விளம்பரம் சொல்லும் முழு ஆதாயத்தை எதிர்பார்த்து விலையுயர்ந்த கன்ட்ரோலரை வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பேனல்களைத் தொடராக இணைத்து அழுத்தத்தை உயர்த்தியவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

அந்த மாணவர் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். ஒரே தகடு வெளிச்சத்தை அளக்கவும் வேண்டும், அளக்கும் கருவிக்கு மின்சாரமும் தர வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை சில மில்லிவினாடிகள் மட்டும் தகட்டைக் குறுக்கிணைத்து மின்னோட்டத்தைப் படித்துக்கொண்டு, எஞ்சிய நேரமெல்லாம் அதே தகட்டால் ஒரு சூப்பர் கெபாசிட்டரை நிரப்பும்படி சுற்றை அமைத்திருக்கிறார். பத்து நாட்களாக அது எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் இருக்கிறது. சேமித்த மின்சாரம் விடியும்வரை தாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் இரவு 11 மணிக்கு நின்றுபோனது. கெபாசிட்டரின் கசிவை அளந்து பார்த்து வேறொன்றை மாற்றிய பிறகு, நேற்று அதிகாலை 4.10 வரை பதிவு இருக்கிறது.