நாக்கைத் தூக்கு

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

ஆயா விடியற்காலையில் போய்விட்டது. எண்பது முடிந்து எண்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. நேற்று ராத்திரி செபமாலை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "அடுப்ப அணைச்சியாடி?" என்று கேட்டது. அதுதான் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

ராயப்பர் கோயிலில் துக்க மணி அடிப்பதற்கு முன்பே எதிர்வீட்டுக் கீரை ஆயா வந்து கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டது. அழவில்லை. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்குத்தான் இவ வாய மூடிக்கிறா" என்றது. யாரோ சிரித்தார்கள். நான்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று காசிமேடு கல்லறையில் தாத்தாவின் குழியையே திறந்து வைத்தோம். 

பேனர் விஷயத்தில் ஒரு கூத்து. பிரிண்டிங் கடைப் பையன் கையில் இருந்த மாதிரியை எடுத்து 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டுவிட்டான். "நாங்க ஆர்.சி.டா" என்று பெரியப்பா ஒரு ஆட்டம் ஆடினார். பிறகு 'இறைவனில் இளைப்பாறினார்' என்று மாறியது. அதை மாற்றும்போது யாரோ பெயருக்குக் கீழே 'சமூக சேவகி' என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சேவை என்ற வார்த்தை ஆயா வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அதற்குத் தெரிந்த சேவை, நாழியில் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றித் தின்பது.

இன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் இரண்டு ஆயாக்களும் பஸ் பிடித்து அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போவார்கள். ஆர்மீனியன் தெரு நம்ம ஜனங்கள் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் தெருவாக வெளியே வந்தது. அரண்மனையைத் தேடினால் கிடைக்காது. கீரை ஆயா நெற்றி நிறையத் திருநீறோடு வரிசையில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றும். பதிலுக்கு எங்கள் ஆயா பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குத் துணைக்குப் போய், மண்டபத்தில் உட்கார்ந்து முந்தானைக்குள் செபமாலை உருட்டும். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் மேலூர், ஒற்றியூர், திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். சாமியாரிடம் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வாயா என்று ஒருமுறை கேட்டேன். "பஸ்சுல போறது பாவமா?" என்றது.

இன்று கீரை ஆயா கிளம்பவில்லை. கதவு சாத்தியிருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

துக்கம் கேட்க வருகிற எல்லோரும் 'மாத்திரை ஆயா' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர் வந்த கதை இந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எழுதி வைக்கிறேன்.

2002. எனக்கு எட்டு வயசு. கீரை ஆயா அப்போது ஆயா இல்லை, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிற அக்கா. இருமல் நிற்கவில்லை. சளியில் ரத்தம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில் டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். (ஸ்டான்லியைத்தான் சொல்கிறேன். 1782 பஞ்சத்தில் அந்தப் பக்கம் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் ஞாபகம் இன்னும் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) விஷயம் கசிந்ததும் ஒருத்தரும் கீரை வாங்கவில்லை. எங்கள் ஆயா மட்டும் தினம் இரண்டு கட்டு வாங்கியது. வீட்டில் தினமும் கீரை. நாங்கள் எல்லோரும் மாட்டு ஜாதி ஆகிவிட்டோம் என்று தாத்தா சலித்துக்கொள்வார்.

அந்த நாளில் டி.பி. மாத்திரை வாரத்துக்கு மூன்று நாள். ஒரு வேளைக்கு ஏழு. நோயாளி பெயர் எழுதிய சிவப்புப் பெட்டி ஒன்று வரும். அது ஒரு பொறுப்பான ஆள் கையில் இருக்கும். அந்த ஆள் எதிரில்தான் விழுங்க வேண்டும். கோயிலில் மரியாயின் சேனைக்காரர்கள் வாரா வாரம் வீடு சந்திக்கப் போவார்கள், ஆயாவும் அதில் உண்டு. சுகாதார நிலையத்துக்காரர் ஆள் தேடி வந்தபோது சபையில் மற்றவர்கள் யோசித்துக்கொண்டு நிற்க, ஆயா மட்டும் "குடு" என்று பெட்டியை வாங்கிக்கொண்டது. படிப்பு மூணாம் கிளாஸ். பெட்டியில் இருந்த பெயரைப் படித்துச் சொன்னது நான்.

கீரை ஆயா முதல் வாரமே ஏமாற்றியது. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்து, திண்ணை ஓரம் போய்த் துப்பிவிடும். வெறும் வயிற்றில் ஏழு மாத்திரை போனால் குமட்டாமல் என்ன செய்யும்? மூன்றாவது தடவை ஆயா சாக்கடையில் மாத்திரையைப் பார்த்துவிட்டது. திட்டிய திட்டு காசிமேடு வரை கேட்டிருக்கும். மறுநாளிலிருந்து முதலில் ஒரு சொம்பு கஞ்சி, ஒரு துண்டு கருவாடு, பிறகு மாத்திரை, பிறகு அந்தக் கட்டளை: "வாயத் தொற. நாக்கத் தூக்கு." அதன் பிறகும் எழுந்து வராது. எதிரிலேயே உட்கார்ந்து பத்து மணி செபமாலை முடித்துவிட்டுத்தான் வரும். பத்து அருள்நிறை மரியாயே சொல்வதற்குள் மாத்திரை வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்பது ஆயாவின் கணக்கு.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ரத்தமாகக் கொட்டுகிறது என்று ஒருநாள் கீரை ஆயா அலறிக்கொண்டு ஓடி வந்தது. "அது மருந்துச் சாயம்டி, வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றது ஆயா. ரிஃபாம்பிசின் என்ற பெயர் ஆயாவுக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பெயர் ஃபார்மசி படிக்கும்போது தெரிந்தது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: டி.பி.காரரை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்தால்தான் தேறுவார் என்ற நினைப்பை உடைத்தது நம்ம மெட்ராஸில் 1956இல் ஆரம்பித்த ஆராய்ச்சி. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் அதே மாதிரி குணமாகிறது, கூட இருப்பவர்களுக்கு அதனால் அதிகமாகத் தொற்றுவதும் இல்லை என்று காட்டினார்கள். ஒழுங்காக விழுங்கினால் சரி. அந்த 'ஒழுங்காக'வுக்குத்தான் ஆயா.

ஆறு மாசம். சளி சுத்தம். அன்றைக்கு ஒற்றியூரில் ஒரு தேங்காயும் அரண்மனைக்காரன் தெருவில் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும். அடுத்த பெட்டி வந்தது. அதற்கடுத்தது. எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பெரம்பூர் லூர்து மாதா திருநாள். போகவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிற நாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மத்தியானம் ஒரு அம்மா வந்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். உள்ளே வரவில்லை, வாசற்படியோடு நின்றார். ஆயாவின் படத்தை அங்கிருந்தே பார்த்தார். "எனக்கு உங்க ஆயா மேல கோவம்தான், இப்பவும். ஆனா உயிரோட கீறேன். அத்தச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அம்மாவிடம் கேட்டேன். ஒருநாள் அந்தப் பெண் மாத்திரைக்கு வரவில்லையாம். ஆயா அவள் வீட்டு வாசலில் நின்று, "ஏய், டி.பி. மாத்திரை யாரு துண்றது?" என்று கத்தியிருக்கிறது. தெருவே கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் போனது. நிச்சயம் நின்றுவிட்டது.

பேனரில் இதையும் போடலாமே.

அம்மா மேலும் சொன்னது எனக்குப் புதிது. அதற்குப் பிறகு ஆயா நேராக எந்த வீட்டுக்கும் பெட்டியோடு போகவில்லையாம். அட்டையைப் பிரித்துக் கீரை ஆயாவிடம் கொடுத்துவிடும். கூடையில் முளைக்கீரைக்கு அடியில் மாத்திரை போகும். கீரைக்காரி எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பேரம் பேசுகிற மாதிரி ஒரு கால் மணி நேரம் உட்காரும். "நாக்கத் தூக்கு" என்பதைக் காதோடு சொல்லும். ஒரு காலத்தில் ஊரே ஒதுக்கிய அதே கூடை.

கீரை ஆயாவிடம் போய், ஏன் இதைச் சொல்லவேயில்லை என்று கேட்டேன். "சொல்றதுக்கா ஒளிச்சி எத்துனு போனேன்?" என்றது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில் ஆயாவின் தகரப் பெட்டி. அதற்குள் ஒரு பழைய சிவப்பு மாத்திரைப் பெட்டி. அதில் அறுந்த செபமாலை, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, மொய்க் கணக்கு நோட்டு. பெட்டி மேல் எழுதியிருந்த பெயர் அழிந்திருந்தாலும் யாருடையது என்று தெரியும். நான்தானே படித்துச் சொன்னேன். ஹார்பரில் லாரி கிளீனராக இருந்த பையன். இரண்டு மாசத்தில் உடம்பு தேறிவிட்டது, பசி எடுத்தது, இனி எதற்கு என்று விட்டுவிட்டான். லாரியோடு எங்கேயோ போய்விட்டான். ஆயா ராத்திரியில் லாரி ஸ்டாண்டுகளில் தேடி அலைந்தது. திரும்பி வந்தபோது எலும்பும் தோலும். விட்டுத் தொடருகிறவர்களுக்கு நீலப் பெட்டி, எட்டு மாசம், ஊசி வேறு. ஓட்டேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீலப் பெட்டி பாதிகூடக் காலியாகவில்லை.

அன்றைக்கு ஆயா அந்தோணியாரைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவன் என்று பேர் வைத்துக்கொண்டு, ஒரு பையனை நேரத்துக்குத் தேடித் தரத் துப்பில்லையா என்று. இரண்டு செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. மூன்றாவது செவ்வாய், "கோவம் அவருக்கும் இருக்கும்" என்று கிளம்பிவிட்டது.

மார்ச் 3, திங்கள்

முப்பதாம் நாள் பூசை. சாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர், ஆயாவைப் பார்த்ததில்லை. நல்ல பிரசங்கம். யாருடைய ஆயாவுக்கும் பொருந்தும்.

பெரியப்பா என்னை இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் கடைசி பெஞ்சில் கீரை ஆயா தெரிந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, காலை மடக்கி பெஞ்சு மேல் உட்கார்ந்திருந்தது. தாளை மடித்துவிட்டேன். "ஆயா தனியா எதையும் செய்யல. கூடையைத் தூக்கினவங்க பின்னால உட்கார்ந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கீரை ஆயாவும் திரும்பித் தனக்குப் பின்னால் யார் என்று பார்த்தது. பின்னால் சுவர்.

சாப்பாடு பிரியாணி. கீரை ஆயாவுக்குத் திங்கள்கிழமை கவுச்சி ஆகாது என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். ஆயா இருந்திருந்தால் மறந்திருக்காது. வெறும் தயிர்ச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனது.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். வருஷா வருஷம் இந்த நாளில் எங்கள் ஆயா சாம்பலோடு போய் நிற்கும், கீரை ஆயா பார்த்துவிட்டு, "வருசத்துல ஒரு நாளாச்சும் துண்ணூறு வச்சிக்கினு வரியே" என்று சொல்லும், இரண்டும் சிரிக்கும். இருபது வருஷமாக அதே ஒரு ஜோக்.

என்னைப் பார்த்து அது அதைச் சொல்லவில்லை. நெற்றியைத் தடவிவிட்டு, "மூக்கு மேல கொட்டுது பாரு" என்றது.

பேச்சு ஒற்றியூர் மாசித் திருவிழாவுக்குப் போனது. மகிழடி சேவைக்கு இந்த வருஷம் யார் கூட்டிப் போவார்கள் என்று தெரியவில்லை என்றது. சங்கிலி நாச்சியாருக்கு மகிழ மரத்தடியில் உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு சுந்தரர் பிரிந்து போனாரே, கண் போனதே, அந்தக் கதை.

"அதுல சேவைன்னா இன்னா ஆயா?"

"பாக்கறதுடி. போயி நின்னு சாமியப் பாக்கறது. வேற இன்னா?"

நான் கூட்டிப் போகிறேன் என்றேன். எழுந்திருக்கும்போது ஜன்னல் கட்டையில் அதன் பிரஷர் மாத்திரை அட்டை. பதினைந்து உள்ள அட்டையில் ஒன்றுதான் பிரிந்திருந்தது. அந்த அட்டை ஜனவரி கடைசியில் நானே கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கொண்டுவந்து கொடுப்பதோடு என் வேலை முடிந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். ராத்திரி ஆனால் ஆயா எதிர்வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டதேயில்லை.

"இன்னாத்துக்கு முழுங்கல?"

"மறந்துட்டேன்."

"ஒரு மாசமாவா?"

பதில் இல்லை. தண்ணீர் மொண்டு வந்தேன். மாத்திரையை வாயில் போட்டு, குடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. இந்தத் திருப்பல் எனக்கு எட்டு வயசிலிருந்தே தெரியும்.

"ஆயா, வாயத் தொற."

திறந்தது.

"நாக்கத் தூக்கு."

முறைத்தது. மாத்திரை அங்கேதான் இருந்தது. இன்னொரு மடக்கு குடித்து முழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "அவளாட்டமே கத்தாத. தெருவுக்கே கேக்குது."